லண்டன் ப்ளூ டோபாஸ் உதிரிக்கல்: பென்டன்ட்டுக்கு ஒன்று, முதலீட்டுக்குச் சில. எதைப் பார்த்து வாங்குவது?

கோவைக்குயில்:

வணக்கம். 22 கேரட் தங்கத்தில் ஒரு பென்டன்ட் செய்யலாம் என்று லண்டன் ப்ளூ டோபாஸ் உதிரிக்கல் தேடுகிறேன். ஓவல், 10×8 அல்லது 12×10 மி.மீ. அதே நிறத்தில் தோட்டுக்கு 7×5 ஜோடி ஒன்றும் வேண்டும்.

ஆன்லைனில் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஒரே அளவுக் கல்லை ஒருவர் கேரட் 250 ரூபாய் என்கிறார், இன்னொருவர் 1,800 என்கிறார். இருவருமே "இயற்கைக் கல், சான்றிதழ் உண்டு" என்றுதான் போட்டிருக்கிறார்கள். விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம்? வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா? கதிர்வீச்சு கொடுத்த கல் என்கிறார்களே, கழுத்தில் போடலாமா?

கூடவே ஒரு 50,000 ரூபாய்க்கு 20, 30 கேரட் அளவில் பெரிய கற்களாக வாங்கி வைத்தால் பத்து வருடத்தில் நல்ல விலைக்குப் போகும் என்று ஒரு கடைக்காரர் சொல்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டைக்கல்:

முதலீட்டை முதலிலேயே முடித்துவிடுவோம்: வேண்டாம். நகைக்குத் தாராளமாக வாங்குங்கள்.

டோபாஸ் இயற்கைக் கனிமம்தான், அதில் பொய்யில்லை. ஆனால் மண்ணிலிருந்து வரும்போது பெரும்பாலும் நிறமில்லாமல் வரும். இயற்கையாகவே நீலமாக வருவதும் உண்டு. அது மிக வெளிறிய நீலம், அதுவும் அரிது. கடையில் இருக்கும் நீலம் ஏறக்குறைய முழுவதும் கதிர்வீச்சில் ஏற்றிய நிறம். எலக்ட்ரான் முடுக்கியில் வைத்தெடுத்து, 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிப் பழுப்பை விரட்டினால் ஸ்கை ப்ளூ. அதையே கூடுதல் அளவில் செய்தாலோ, அணு உலையும் முடுக்கியும் சேர்ந்தாலோ ஸ்விஸ் ப்ளூ. சாம்பல் சாயலோடு கூடிய ஆழ்நீலமான லண்டன் ப்ளூ அணு உலையில் நியூட்ரான் பட்டு வருவது. இது மற்ற இரண்டையும் விட விலை கூடுதலாக இருப்பது அரிதாகக் கிடைப்பதால் அல்ல. உலையில் வைக்கும் செலவு, கதிரியக்கம் தணியும் வரை சரக்கை முடக்கி வைக்கும் செலவு, உரிமச் செலவு, இவைதான் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

நிறத்தை வேண்டிய அளவு உற்பத்தி செய்யலாம் என்றாகிவிட்டது. மூலக்கல்லுக்கும் பஞ்சமில்லை, பிரேசில், நைஜீரியா, இலங்கை எல்லாம் வெள்ளை டோபாஸ் தருகின்றன. பிறகு விலை எங்கிருந்து ஏறும்? 1980களில் கதிர்வீச்சு வசதி பெருகிச் சரக்கு குவிந்தபோது ப்ளூ டோபாஸ் விலை மளமளவென்று சரிந்தது. இன்று இது நடுத்தர நகைக்கான கல், அவ்வளவுதான்.

பெரிய கல் என்றால் மதிப்பு என்பதும் இங்கே செல்லாது. நீலக்கல்லில் (சஃபையர்) 1 கேரட்டிலிருந்து 5 கேரட்டுக்குப் போனால் ஒரு கேரட்டின் விலையே பல மடங்கு ஏறும். டோபாஸில் ஏறாது, ஏனென்றால் அது பெரிய படிகமாகவே விளையும். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அமெரிக்கன் கோல்டன் டோபாஸ் பட்டை தீட்டிய பிறகும் 22,892.5 கேரட், அதாவது நாலரைக் கிலோவுக்கு மேல். 30 கேரட் கல் உங்களுக்குத்தான் அதிசயம், வியாபாரிக்கு அது தினசரிச் சரக்கு.

இனி 250க்கும் 1,800க்கும் உள்ள வித்தியாசம். அதில் ஒரு பகுதி கடைக்காரரின் துணிச்சல். மீதி, பட்டை. இந்தக் கல்லில் நீங்கள் காசு கொடுக்க வேண்டியது பட்டைக்கு மட்டும்தான். டோபாஸின் ஒளிவிலகல் எண் 1.62 அருகில். அதன்படி கல்லுக்குள் போன ஒளி அடிப்பட்டையில் மோதித் திரும்பி மேலே வர வேண்டுமானால், அடிப்பகுதியின் சாய்வு 38 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். நல்ல கைகள் 40 முதல் 43 வரை வைப்பார்கள். மூலக்கல்லின் எடையை வீணாக்காமல் பரப்பைக் காட்ட நினைப்பவர்கள் அடியைத் தட்டையாக்கிவிடுவார்கள். அப்போது ஒளி நேராகக் கீழே ஓடிவிடும், கல்லின் நடுவில் வெளுத்த ஓட்டை போல ஒன்று தெரியும். இதை விண்டோ என்பார்கள்.

சோதிப்பது எளிது. அச்செழுத்து உள்ள செய்தித்தாளின் மேல் கல்லை முகம் மேலே தெரிய வைத்து, நேர் மேலிருந்து பாருங்கள். நடுவில் எழுத்து தெரிந்தால் விண்டோ. விளிம்போரம் கொஞ்சம் தெரிந்தால் மன்னிக்கலாம். நடுவே வரியை வாசிக்கவே முடிகிறதென்றால் 250க்குக்கூட வேண்டாம்.

மறுபக்கம், அடி தொப்பை போட்ட கல். எடை கூடும், மேலிருந்து பார்த்தால் பரப்பு கூடாது, லண்டன் ப்ளூ என்றால் மை கொட்டியது போல் இருண்டுவிடும். உயரம், அகலத்தில் 60 முதல் 70 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 8 மி.மீ. அகல ஓவலுக்கு 4.8 முதல் 5.6 மி.மீ. உயரம். ஆன்லைன் விற்பனையாளர் நீளம், அகலம் மட்டும் போட்டு உயரத்தைப் போடவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். எடையையும் சரிபார்க்கலாம்: ஓவலுக்கு நீளம் × அகலம் × உயரம் × 3.53 × 0.0020 (3.53 என்பது டோபாஸின் அடர்த்தி). 10×8×5.2 மி.மீ. கல் 2.9 கேரட் வர வேண்டும். அதே அளவுக்கு அவர் 4 கேரட் என்று சொன்னால் அளவோ எடையோ ஒன்று பொய், இல்லை அது டோபாஸே அல்ல.

வெளிச்சம் பற்றி ஒன்று. கடையின் வெள்ளை ஸ்பாட் லைட்டுக்குக் கீழே எல்லாக் கல்லும் ராஜா. வாசலுக்கு வந்து, நேர் வெயில் படாத நிழலில், வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். பிறகு மஞ்சள் பல்பின் கீழ் பாருங்கள். லண்டன் ப்ளூ மஞ்சள் வெளிச்சத்தில் கறுத்துப் போகும் குணம் உள்ளது. கல்யாண மண்டபத்துக்குப் போடத்தான் பென்டன்ட் என்றால் அங்கே எப்படித் தெரியும் என்பதே முக்கியம். 12×10ஐ விட 10×8 எடுத்தால் ஆழம் குறைவாக இருக்கும், நிறமும் உயிரோடு தெரியும் என்பது என் அபிப்பிராயம்.

தராசுமுள்:

பட்டைக்கல் ஐயா சொன்னதோடு, வீட்டுச் சோதனை பற்றி.

ப்ளூ டோபாஸ் என்று கைமாற்றப்படும் போலிகள் பெரும்பாலும் மூன்று: நீலக் கண்ணாடி, செயற்கை ஸ்பினல், நீலம் ஏற்றிய செயற்கை குவார்ட்ஸ். அக்வாமரீன் என்ற வெளிர்நீலக் கல்லை யாரும் டோபாஸ் என்று விற்கமாட்டார்கள், விலை அங்கேதான் கூடுதல். ஸ்கை ப்ளூ டோபாஸை அக்வாமரீன் என்று விற்பதுதான் நடக்கும்.

முதல் சோதனை அடர்த்தி. 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும், ஆனால் கல் 10 கேரட்டாவது இருக்க வேண்டும். சிறிய கல்லுக்கு 0.001 கிராம் தராசு தேவை.

கல்லை உலர்ந்த நிலையில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். தராசின் மேல் ஒரு சிறிய டம்ளர் தண்ணீரை வைத்துக் காட்டியைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை மெல்லிய நைலான் நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது, நூலைக் கையில் பிடிக்காமல் ஒரு குச்சியில் கட்டுவது நல்லது. இப்போது தராசு காட்டுவது கல் தள்ளிய தண்ணீரின் எடை. உலர் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி. 10 கேரட் கல் 2.00 கிராம், டோபாஸாக இருந்தால் தராசு 0.56, 0.57 காட்டும். அக்வாமரீன் 0.73, 0.74. குவார்ட்ஸ் 0.75. சாதாரணக் கண்ணாடி 0.80 பக்கம்.

தப்பு நடக்கும் இடம் குமிழி. கல்லின் இடுப்போரத்திலும் நூல் முடிச்சிலும் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டால் தள்ளிய தண்ணீர் கூடுதலாகக் காட்டும், டோபாஸ்கூடப் போலி போலத் தெரியும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, கல்லை ஒரு தடவை உள்ளே சுழற்றிவிட்டு அளந்து பாருங்கள்.

ஸ்பினல் இந்தச் சோதனையில் ஏமாற்றும். அதன் அடர்த்தி 3.64, டோபாஸுக்கு மிக அருகில். பிரிக்க வேண்டியது ஒளியை வைத்து. டோபாஸ் ஒளியை இரண்டாகப் பிரிக்கும், ஸ்பினலும் கண்ணாடியும் பிரிக்காது. எல்சிடி திரை உள்ள பழைய போனில் வெற்று வெள்ளைப் படத்தைப் போட்டு மேசையில் கிடத்துங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸை அதற்கு மேலே பிடித்துத் திருப்பினால் ஒரு நிலையில் திரை இருண்டுவிடும். அந்த நிலையிலேயே நிறுத்தி, இடையில் கல்லைச் சாமணத்தில் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு முழுச் சுற்றில் நான்கு தடவை வெளிச்சமும் இருட்டுமாக மாறினால் இரட்டை விலகல். அது ஸ்பினலும் இல்லை, கண்ணாடியும் இல்லை. எப்போதும் இருட்டாகவே இருந்தால் சந்தேகம். ஒரே ஒரு திசையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கல்லைப் புரட்டி இரண்டு மூன்று பக்கம் பாருங்கள். போன் மேல் பிளாஸ்டிக் ஒட்டுத்தாள் இருந்தால் கழற்றிவிடுங்கள், அது குழப்பும். பட்டைகளின் பிரதிபலிப்பு தொந்தரவாக இருந்தால் தட்டையான கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு அதற்குள் கல்லை வையுங்கள். பிளாஸ்டிக் கிண்ணம் ஆகாது.

பத்து மடங்கு லென்ஸில் வட்டமான குமிழிகளும் உருண்டு மழுங்கிய பட்டை விளிம்பும் தெரிந்தால் கண்ணாடி. வானவில் போல மின்னும் டோபாஸில் மேற்பூச்சு உண்டு. பட்டை விளிம்புகளில் நிறம் தேய்ந்து வெள்ளைக் கோடு தெரிகிறதா பாருங்கள். பூச்சுக் கல் அன்றாட நகைக்கு ஆகாது.

கதிர்வீச்சு பற்றிக் கேட்டிருந்தீர்கள். நியூட்ரான் பட்டதும் கல்லில் துளியளவு உள்ள டான்டலம், ஸ்கேண்டியம் போன்ற கலப்புகள் கதிரியக்கமாக மாறும். நீல நிறத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. டான்டலம்-182இன் அரை ஆயுள் 114 நாள், ஸ்கேண்டியம்-46க்கு 84 நாள். இரண்டு வருடம் இருப்பு வைத்தால் முதலாவது 80இல் ஒரு பங்காகவும், இரண்டாவது 400இல் ஒரு பங்காகவும் தணிந்துவிடும். முறையான உலை வழியாக வரும் சரக்கு, அளந்து பார்த்து வரம்புக்குக் கீழே வந்த பிறகுதான் வெளியே விடப்படும். முடுக்கியில் ஏற்றிய ஸ்கை ப்ளூவில் இந்தக் கவலை இன்னும் குறைவு. மனம் ஒப்பவில்லை என்றால் ஸ்கை ப்ளூ எடுங்கள். லண்டன் ப்ளூதான் வேண்டுமென்றால், எங்கிருந்து வந்த சரக்கு என்று சொல்லக்கூடிய, பில் போடும் ஆளிடம் வாங்குங்கள்.

கோவைக்குயில்:

இருவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் பாக்கி. அதே கடைக்காரர் 24 ரத்தி எடையுள்ள ஒரு கல்லைக் காட்டி, இது கதிர்வீச்சே படாத இயற்கை நீலம், அதனால்தான் விலை ஐந்து மடங்கு என்கிறார். லேமினேட் செய்த அட்டைச் சான்றிதழும் இருக்கிறது. அதில் 'நேச்சுரல் டோபாஸ்' என்று போட்டிருக்கிறது.

பேருவளைப்பக்கம்:

அந்த அட்டை சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் கடைக்காரர் சொல்வதை அது சொல்லவில்லை. 'நேச்சுரல் டோபாஸ்' என்றால் கனிமம் இயற்கையானது என்று மட்டும் அர்த்தம். நிறம் எப்படி வந்தது என்பது வேறு வரி. நீல டோபாஸில் கதிர்வீச்சு பட்டதா இல்லையா என்று வழக்கமான ஆய்வகச் சோதனையில் உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஆய்வகம் உறுதி செய்ய முடியாத ஒன்றுக்கு ஐந்து மடங்கு விலை கொடுப்பதில் நியாயமில்லை. அதுவும் அடர்ந்த நீலமாக இருந்தால் பேச்சே வேண்டாம், இயற்கை நீலம் வெளிறியதாகத்தான் இருக்கும்.

இலங்கையில் எடுக்கப்படுவது பெரும்பாலும் நிறமற்ற டோபாஸ். அதில் பெரும் பங்கு வெளிநாட்டுக்குப் போய் நீலமாகித் திரும்பிச் சந்தைக்கு வருகிறது. ஆகவே 'சிலோன் ப்ளூ டோபாஸ்' என்ற பெயருக்குத் தனி விலை கொடுக்கத் தேவையில்லை. சிலோன் என்ற சொல்லுக்கு விலை இருப்பது நீலக்கல்லில்.

ரத்திக் கணக்கிலும் கவனம். கடைக்குக் கடை ரத்தியின் எடை மாறும். சிலர் ஒரு ரத்தியை 0.9 கேரட் பக்கம் வைப்பார்கள், சிலர் 0.6 கேரட் பக்கம். 24 ரத்தி என்றால் 22 கேரட்டா 14 கேரட்டா? கேரட் மாறாது, 0.2 கிராம். பில்லில் கேரட்டும் கிராமும் இரண்டும் எழுதச் சொல்லுங்கள். கல்லின் பெயரும் 'டோபாஸ்' என்றே இருக்கட்டும். வெறும் 'புஷ்பராகம்' என்று எழுதினால் நாளை மஞ்சள் நீலக்கல்லா டோபாஸா என்று தகராறு வரும்.

மூன்று கேரட் டோபாஸுக்கு முழு ஆய்வக அறிக்கை எடுப்பது வீண் செலவு. கல்லின் விலைக்கே கட்டணம் வந்து நிற்கும். சந்தேகம் இருந்தால் வாய்மொழியாகக் கனிமத்தை மட்டும் சொல்லும் சோதனை போதும்.

சாமணம்:

நகை செய்யும் பக்கத்திலிருந்து நான் சொல்றேன். கல் வாங்கிட்டு வந்து உடைஞ்சுபோச்சுன்னு பத்தரைத் திட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

டோபாஸ் கடினம் 8, தூசி தும்பில் கீறல் விழாது. ஆனா ஒரு திசையில் பிளவு ரொம்பச் சுலபம். அந்தத் திசையில் ஒரு சின்னத் தட்டு விழுந்தா, விறகு பிளந்த மாதிரி வழவழன்னு இரண்டாப் போயிடும். கல்லுக்குள்ளே சாய்வாப் பார்க்கும்போது வானவில் நிறத்துல ஒரு தகடு மின்னுச்சுன்னா, பிளவு ஏற்கெனவே ஆரம்பிச்சாச்சு. அந்தக் கல்லை விலை குறைச்சாலும் எடுக்காதீங்க, பிராங், அதாவது கல்லைப் பிடிக்கிற கொக்கி, அதை மடக்கும்போது கண்டிப்பா விட்டுப்போகும். இடுப்பு, அதாவது மேலும் கீழும் சேர்ற விளிம்பு, பிளேடு மாதிரி மெலிசா இருந்தாலும் இதே கதைதான். பக்கவாட்டில் பார்த்தா ஒரு மெல்லிய பட்டையாத் தெரியணும்.

ஓவல் நல்ல தேர்வு, முனை கிடையாது. சதுரம், பேரிக்காய் வடிவம்னா முனைக்கு வி வடிவப் பிராங் கேளுங்க. 10×8க்கு நாலு பிராங் போதும், 12×10க்கு ஆறு. அடி திறந்த ஓப்பன் செட்டிங் சொல்லுங்க. லண்டன் ப்ளூவை அடி மூடின செட்டிங்ல வெச்சா கருங்கல் மாதிரி ஆயிடும். பிராங் உட்கார்ற பள்ளத்தைக் கல்லோட கோணத்துக்கு வெட்டாம, கல்லை மேலிருந்து அழுத்தி உட்கார வைக்கிறவங்க இருக்காங்க. முக்கால்வாசி உடைசல் அங்கதான் நடக்குது.

தீ முக்கியம். பொடி வெச்சு ஊதுற வேலை, வளையம் மாட்டுறது, எல்லாம் முடிஞ்சு, பாலிஷும் முடிஞ்ச பிறகுதான் கல் உள்ளே போகணும். பற்றவைக்கிற சூடு 700 டிகிரியைத் தாண்டும், அந்தச் சூட்டுல நீலமும் போகும், கல்லும் வெடிக்கும். சூடான நகையை அப்படியே தண்ணியிலயோ திராவகத்திலயோ முக்கினாலும் அதேதான். பின்னாடி எப்பவாவது வளையம் அறுந்து ரிப்பேருக்குக் கொடுத்தா, கல்லைக் கழற்றிட்டு வேலை பாருங்கன்னு வாய்விட்டுச் சொல்லுங்க. கடையில கழுவித் தர்றேன்னு அல்ட்ராசோனிக்லயோ நீராவியிலயோ போடுவாங்க, டோபாஸ் இருக்குன்னு சொல்லித் தடுத்துடுங்க. வெதுவெதுப்பான தண்ணி, கொஞ்சம் பூந்திக்கொட்டை நுரை, மெத்துன்னு ஒரு பல் துலக்கும் பிரஷ், கல்லுக்கு அடிப்பக்கம் தேய்ச்சா போதும். அடியில எண்ணெய் படிஞ்சாத்தான் டோபாஸ் மங்கிப் போகும்.

பில்லைப் பத்தியும் ஒண்ணு. 5 கேரட் கல் 1 கிராம். நகையின் மொத்த எடைக்குத் தங்க விலை போட்டா, மலிவான கல்லுக்கு ஒரு கிராம் தங்க விலை கொடுத்த மாதிரி. சேதாரமும் அதுக்கு மேல ஏறும். மொத்த எடை, கல் எடை, நிகரத் தங்க எடை மூணும் தனித்தனியா எழுதி வாங்குங்க. செய்யக் கொடுக்கும்போதே உதிரிக்கல்லை அவங்க தராசுல நிறுத்து ரசீதுல குறிக்கச் சொல்லுங்க.

பட்டைக்கல்:

சாமணம் சொன்ன இதே கணக்குத்தான் முதலீட்டுக்கும். நகையை மாற்றப் போனால் கடைக்காரர் கல் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும் விலை போடுவார். உதிரிக்கல்லாகக் கொண்டுபோனால், மொத்த வியாபாரி ஜெய்ப்பூரிலிருந்து புதிதாக என்ன விலைக்கு எடுக்கிறாரோ அதற்கும் கீழேதான் கேட்பார். நீங்கள் வாங்கியது சில்லறை விலை. அந்த இடைவெளியைத் தாண்டி விலை ஏறினால்தான் முதல் தேறும். டோபாஸ் குடும்பத்திலேயே சேகரிப்பவர்கள் தேடுவது பிரேசிலின் ஊரோ ப்ரேட்டோ பக்கத்து ஆரஞ்சு, இளஞ்சிவப்பு இம்பீரியல் வகை. அதை 50,000க்கு ஆராயாமல் வாங்கக் கூடாது, அது தனித் திரிக்கான விஷயம்.

தோட்டு ஜோடிக்கு: இரண்டு கல்லையும் ஒரே லாட்டிலிருந்து, ஜோடியாகவே வாங்குங்கள். லண்டன் ப்ளூவில் சாம்பல் சாயல் ஒரு பக்கமும் பச்சைச் சாயல் ஒரு பக்கமுமாக லாட்டுக்கு லாட் மாறும். பென்டன்ட் கல்லையும் அதே லாட்டில் கேளுங்கள்; பெரிய கல் சிறியதை விட இருண்டு தெரியும் என்பதால், தோட்டுக்கு அந்த லாட்டிலேயே கொஞ்சம் அடர்ந்த நிறக் கல்லாக எடுத்தால்தான் மாட்டியபின் ஒன்றுபோலத் தெரியும். 7×5இல் இரண்டுக்கும் 0.1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வேண்டாம். ஆன்லைன் என்றால், மூன்று கற்களையும் ஒரே வெள்ளைத் தாளில், சன்னல் வெளிச்சத்தில் வைத்து, சாய்த்துச் சாய்த்து எடுத்த வீடியோ கேளுங்கள். திருப்பி எடுக்கும் காலக்கெடு எத்தனை நாள் என்பதையும் பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்கிவிடுங்கள், தராசுமுள் சொன்ன சோதனைக்கு ஒரு சாயங்காலம் போதும்.